மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவு?

(நம் கல்விக் கழக வெள்ளிவிழாக் கல்வியரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வரங்கிற்கென எங்களுக்கு முதலில் தரப்பட்ட தலைப்பு 'கல்வியும் சமுதாய மேம்பாடும்' என்பதாகும். அது பெரிய தலைப்பு; அதனைப் பேசத்தக்க பெரியோர் இம்மேடையில் பலர் உளர். நாங்கள் சிறிய தலைப்பொன்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டோம். ஒரு பிள்ளையின் வாழ்வில் கால் மணி நேரத்தில் நடந்து முடிந்துவிடும் ஒரு செயலைப் பற்றியே பேசப் போகிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபின், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வரிசையில் நின்று, உள்ளே சென்று, "எந்தக் குரூப்?" என்னும் கேள்விக்கு ஏதோவொரு விடையைச் சொல்லி, தந்தையோ தாயோ கையெழுத்திட வெளியே வருகின்றோமே, அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் தலைப்பு. இருபத்தைந்து ஆண்டுகளாக அவ்வறை வாயிலில் நம் பிள்ளைகளோடு நின்றிருக்கிறோம். அங்கே நாங்கள் செய்த நன்மைகளும் உண்டு, பிழைகளும் உண்டு. விழா மலரில் நன்மைகளை மட்டுமே எழுதுவது வழக்கம். இரண்டையும் எழுதுவோம் என்று குழுவில் பேசி முடிவு செய்தோம்.

முதலில் சிறிது பழங்கதை. 1978ஆம் ஆண்டுவரை நம் மாநிலத்தில் பள்ளியிறுதி வகுப்பு என்பது பதினோராம் வகுப்பே. அதன்பின் கல்லூரிக்குச் சென்று ஓராண்டு புகுமுக வகுப்புப் பயில வேண்டும். உயர்படிப்பிற்குரிய பாடங்களைத் தேர்ந்தெடுப்பது அக்கல்லூரி வாயிலிலேதான். நம் மக்களுள் அவ்வாயில்வரை சென்றோர் மிகச் சிலர். 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குள் வந்தது. 1980இல் முதல் அணியினர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதினர். நகரத்துக் கல்லூரியில் இருந்த வகுப்பு நம் ஊர்ப் பள்ளிக்கு வந்தது நமக்குப் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்துடன் வேறொன்றும் வந்தது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பதினைந்து வயதுப் பிள்ளையின் தலைமேல் ஏறியது. பள்ளியில் எந்தப் பிரிவு உள்ளதோ அதுவே பிள்ளையின் விருப்பம் என்றும் ஆயிற்று. ஆய்வகமும் ஆசிரியரும் இல்லாத பள்ளியில் இயற்பியலை விரும்பி என்ன பயன்?

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது வடமொழியை இரண்டாம் மொழியாகக் கற்க விரும்பினார். தீண்டப்படாத வகுப்புப் பிள்ளைக்கு அதனைக் கற்பிக்க மறுத்துவிட்டனர். பாரசீக மொழியை எடுத்துக்கொண்டே அவர் 1907இல் மெட்ரிகுலேசன் தேறினார். வடமொழியைப் பின்னாளில் தம் சொந்த முயற்சியால் கற்றார். 'உனக்கு இந்தப் பாடம் இல்லை' என்னும் அச்சொல் இன்று அவ்வடிவில் எந்தப் பள்ளியிலும் சொல்லப்படுவதில்லை. 'உனக்கு இது வராது' என்றே சொல்லப்படுகின்றது. சொல்பவர் பல சமயம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். அதனாலேயே அதனை எதிர்த்து நிற்பது கடினமாக இருக்கின்றது.

2004ஆம் ஆண்டு நம் காலனியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கணக்கில் 83 மதிப்பெண்ணுடன் பத்தாம் வகுப்புத் தேறினார். அவர் கேட்டது முதற்பிரிவு. அவர் தந்தையிடம் பள்ளியில் கையெழுத்து வாங்கியதோ வேறு பிரிவிற்கு. அன்றிரவு படிப்பகத்தில் அச்செய்தி தெரிந்தது. மறுநாள் காலை தந்தையை அழைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றோம். தலைமையாசிரியர் எங்களை அமரச் சொன்னார், தேநீரும் வரவழைத்தார். பிறகு, "இவன் வீட்டில் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? தோற்றுவிட்டால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையும். மேலிடத்திற்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்?" என்றார். அவர் தீயவரல்லர். விழுக்காடு என்னும் பேய் அவரையும் பிடித்திருந்தது. "சொல்லித்தர நாங்கள் இருக்கிறோம்" என்றோம். சொன்னபின்தான் யார் சொல்லித்தருவது என்று யோசித்தோம். காலாண்டுத் தேர்வில் அம்மாணவர் இயற்பியலில் தோற்றார். மின்வாரியத்தில் பணியாற்றிய நம் உறுப்பினர் ஒருவர் நாள்தோறும் இரவு ஏழு மணிக்கு வந்து அவருக்கும் உடன் வேறு நால்வருக்கும் பாடம் நடத்தினார். நம் மாலைநேர வகுப்புகள் தோன்றிய வரலாறு இதுவே. அம்மாணவர் இன்று இரயில்வேயில் பணிபுரிகிறார். விழாவிற்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்று மடல் எழுதியுள்ளார்.

அவ்வெற்றியே எங்களைப் பிழை செய்ய வைத்தது. நம் பிள்ளைகள் அனைவரும் முதற்பிரிவிலேயே சேர வேண்டும் என்று நாங்கள் உறுதி பூண்டுவிட்டோம். முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று பாடங்களுக்கே ஏறுவரிசையும் இறங்குவரிசையும் வைத்திருக்கிறார்கள். ஏணிப்படிச் சாதியை எதிர்த்துப் பேசிய நாங்கள் அந்த ஏணியை மறுசொல் இன்றி ஒப்புக்கொண்டோம். மேற்படியில் நம் பிள்ளையை ஏற்றிவிட வேண்டும் என்பதொன்றே எங்கள் எண்ணமாயிருந்தது. சமூக அறிவியலில் 92 மதிப்பெண்ணும் கணக்கில் 38 மதிப்பெண்ணும் பெற்ற ஒரு மாணவரை, அவர் தயங்கியும், முதற்பிரிவில் சேர்த்துவிட்டோம். அவர் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பவர். சட்டமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பதைப் படிப்பகத்தில் எங்களுக்கே எடுத்துச் சொன்னவர். கணக்கிலும் வேதியியலிலும் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை தேர்வெழுத வரவில்லை. இன்று அவர் தோல் ஷாப்பில் டிரம்மில் வேலை செய்கிறார். தெருவில் எங்களைக் கண்டால் இன்றும் "வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறார். அந்த மரியாதை எங்களைச் சுடுகின்றது. பொருளியலும் வரலாறும் உள்ள பிரிவில் அவர் சேர்ந்திருந்தால் என்னவாகியிருப்பார் என்பதை யாம் அறியோம். தோற்றிருக்கமாட்டார் என்பதை மட்டும் அறிவோம்.

அண்ணலின் படத்தை மாட்டிவைத்துக்கொண்டு பொருளியலை இழிவாக நினைத்த பேதைமை எங்களுடையது. அவர் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றதும், 1923இல் இலண்டனில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றதும் பொருளியலுக்காகத்தான். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவர் நூல் அவ்வாண்டே வெளிவந்தது. குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன் முதலில் பயின்றது ஆங்கில இலக்கியம். அதன் பின்னரே இலண்டன் பொருளியற் பள்ளிக்குச் சென்றார். நம் ஊர் அளவுகோலில் இவ்விருவரும் 'மூன்றாம் பிரிவு' மாணவர்களே.

இனி, ஒவ்வொரு பிரிவும் எங்கே கொண்டுசேர்க்கும் என்பதைப் பெற்றோர் அறிய வேண்டிய அளவிற்குச் சொல்கிறோம். மேல்நிலை வகுப்பில் ஆறு பாடங்கள். தமிழும் ஆங்கிலமும் அனைவர்க்கும் பொது. எஞ்சிய நான்கே பிரிவிற்குப் பிரிவு வேறுபடும். முன்பு பாடத்திற்கு 200 ஆக 1200 மதிப்பெண் இருந்தது. இப்பொழுது பாடத்திற்கு 100 ஆக 600. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கும் சேர்ந்த பிரிவிலிருந்து பொறியியலுக்கும் செல்லலாம், மருத்துவத்திற்கும் முயலலாம். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுத்தவர் நேரே மருத்துவத்திற்கு முயல இயலாது. கணிதத்தை விட்டுத் தாவரவியலும் விலங்கியலும் எடுத்தவர் பொறியியலை நினைக்க இயலாது. செவிலியர் படிப்பு, மருந்தாளுநர் படிப்பு, வேளாண்மை போன்றவை அவருக்கு உண்டு. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் பயின்றவர் வணிகவியல் பட்டத்திற்கும் பட்டயக் கணக்காளர் தேர்விற்கும் முன்கூட்டியே ஆயத்தமாகிறார். சட்டப் படிப்பிற்கு எந்தப் பிரிவாயினும் சரி. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர இயற்பியல் கற்றிருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. மாவட்ட ஆட்சியர் ஆவதற்கும், தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வு எழுதுவதற்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும்.

"அறிவியல் எடுத்தால் பிறகு எதற்கும் போகலாம், வணிகவியல் எடுத்தால் அறிவியலுக்குத் திரும்ப முடியாது. ஆகவே அறிவியலே எடு" என்பார் பலர். இது மெய்தான், ஆயினும் பாதி மெய். அரசு கலைக் கல்லூரிகளில் சேர்க்கைக்கு அந்நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையாகிய 400ஐ வைத்தே தரவரிசை அமைக்கிறார்கள். தமிழ், ஆங்கில இலக்கியங்களுக்கு அவ்வம்மொழி மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். முதற்பிரிவில் பாடத்திற்கு நாற்பதாகத் தேறி வருபவர், மற்றொரு பிரிவில் பாடத்திற்கு எண்பதாகப் பெற்று வருபவருக்குப் பின்னால்தான் நிற்பார். எல்லா வழியும் திறந்திருக்கிறது என்று சொல்லி, எந்த வழியிலும் நுழைய முடியாத மதிப்பெண்ணோடு பிள்ளையை வெளியே அனுப்பலாகாது.

பொறியியல் தரவரிசைக்குக் கணக்கிடும் முறையை மாணவர்கள் இன்றே குறித்துக்கொள்ளுங்கள். கணிதம் நூற்றுக்கு நூறாகவே எடுத்துக்கொள்ளப்படும்; இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கப்படும்; மொத்தம் 200. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்றவருக்கு 90, 40, 42 ஆக 172. உயிரியலில் 98 வாங்கியிருந்தாலும் அது இக்கணக்கில் வராது. மருத்துவம் வேண்டா என்று முடிவாகிவிட்ட மாணவி உயிரியலுக்காக இரவெல்லாம் விழித்திருந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மருத்துவத்தைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை; எனினும் சொல்ல வேண்டும். 2017 முதல் நம் மாநிலத்தில் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியே நடைபெறுகின்றது. அவ்வாண்டு செப்டம்பரில், பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றும் மருத்துவ இடம் கிட்டாத அரியலூர் மாவட்டத்து அனிதாவை நாம் இழந்தோம். இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு தாயும் அவரைத் தன் மகளாகவே எண்ணி அழுதார். 2020இல், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிக்கப்பட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிய அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அதனுள் அடங்கும்.

இந்நிபந்தனையை நாங்கள் சரிவரப் படிக்கவில்லை. 2022இல் நம் மாணவி ஒருவர் பத்தாம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றார். அவர் பயின்ற அரசுப் பள்ளியில் உயிரியல் உள்ள பிரிவு இல்லை. தனியார் பள்ளி ஒன்று கட்டணமின்றி இடம் தருவதாக முன்வந்தது. நாங்கள் மாலை அணிவித்து, படம் எடுத்து, நாங்களே கொண்டுபோய்ச் சேர்த்தோம். 2024இல் அவர் நீட் தேர்வில் தகுதி பெற்றார். கலந்தாய்விற்கு விண்ணப்பம் நிரப்பும்போதுதான், இறுதி ஈராண்டு தனியார் பள்ளியில் பயின்றமையால் அவ்வொதுக்கீட்டிற்கு அவர் உரியவரல்லர் என்பது எங்களுக்கு உறைத்தது. பொது வழியில் அவருக்கு இடம் எட்டவில்லை. அவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்க்கு இடம் கிடைத்ததை அவர் கண்டார். பேருந்தில் நாற்பது நிமிடத் தொலைவில் உயிரியற் பிரிவுள்ள மற்றோர் அரசுப் பள்ளி இருந்தது. மாணவர்க்குப் பயண அட்டையும் இலவசம். அதனை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தனியார் பள்ளியின் கட்டடம் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது. அவர் இப்பொழுது செவிலியர் பட்டப்படிப்புப் பயின்று வருகிறார்; இவ்வவையிலும் அமர்ந்திருக்கிறார். இதனை இங்கே சொல்ல வேண்டும் என்று எங்களைக் கேட்டுக்கொண்டவர் அவரே. "அடுத்த பிள்ளைக்காவது தெரியட்டும்" என்றார்.

ஆகவே பத்தாம் வகுப்பிற்குப் பின் பள்ளி மாறுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுங்கள். அரசுப் பள்ளியில் தொடர்ந்தால் 2022இல் மாணவியர்க்கெனத் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்திற்கும், 2024இல் மாணவர்க்கெனத் தொடங்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டத்திற்கும் தகுதி உண்டு. பயிற்று மொழியை மாற்றுவதிலும் அதே எச்சரிக்கை வேண்டும். தமிழ் வழியில் பயின்றவர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010 முதல் உண்டு. 2020இல் வந்த திருத்தத்தின்படி, பள்ளி வகுப்புகளையும் தமிழ் வழியிலேயே பயின்றிருக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் பெருமைக்காக ஆங்கில வழிக்கு மாறுபவர் ஈராண்டு பாடம் புரியாமல் தவிப்பதோடு இம்முன்னுரிமையையும் இழக்கிறார். ஆங்கிலம் கற்க வேண்டா என்று நாங்கள் சொல்லவில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் நன்கு கற்கலாம். அதற்காக வேதியியலைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

பள்ளியில் "இடம் நிரம்பிவிட்டது" என்றால் உடனே திரும்பிவிடாதீர்கள். பதினோராம் வகுப்புச் சேர்க்கையிலும் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை பலமுறை அறிவுறுத்தியிருக்கின்றது. ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு. 2009 முதல் அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு. இது கல்லூரிக்கு மட்டும் உரியதென்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குரலை உயர்த்த வேண்டியதில்லை. பணிவாக, எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் விடையும் எழுத்தில் வரவேண்டுமன்றோ?

இனி நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி. இப்பாலாற்றங்கரையில் நம் தந்தையரும் பாட்டன்மாரும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலைப் பதப்படுத்தியவர்கள். நம் தாய்மார்கள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டியேறிச் சென்று ஷூவின் மேல்தோலைத் தைப்பவர்கள். 1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு இருக்கின்றது. தரமணியில் பட்டயப் படிப்பு இருக்கின்றது. பட்டப்படிப்பிற்கு வேண்டுவன கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றே. பல தலைமுறைகளாகத் தோலோடு வாழ்ந்த நம் காலனியிலிருந்து அப்படிப்பிற்கு எத்தனை பேர் சென்றிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம்; ஒரு கை விரல்களே மிகுதியாயின. குரோம் உப்பு எவ்வளவு இட வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர் நம் பெரியவர். அதனைத் தாளில் எழுதிச் சம்பளம் வாங்குபவர் வேறு யாரோ.

இதனை ஒரு தந்தையிடம் சொல்லப்போய் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டோம். "இந்த நாத்தம் என்னோட போகட்டும் சார். படிச்சிட்டும் அதே தோலுக்கா போகணும் என் புள்ள?" என்றார். நாங்கள் விடை சொல்ல இயலாமல் எழுந்து வந்துவிட்டோம். அவர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை. குலத்தொழில் என்ற பெயரால் நம்மைத் தொட்டிக்குள் நிறுத்தியவர்களின் குரலாக எங்கள் அறிவுரை அவர் காதில் விழுந்திருக்கும். குழுவிலும் இதுபற்றி இரு கருத்துகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. எங்களுள் ஒரு சாரார், அத்தொழிலின் அறிவைக் கைப்பற்றாமல் அத்தொழிலை விட்டு ஓடுவது பிறர்க்கே நன்மை என்பர். மற்றொரு சாரார், பிள்ளைக்கு அந்த நெடியை மறக்கும் உரிமை உண்டு என்பர். ஆறு மாதங்கழித்து அம்மாணவரே எங்களிடம் வந்தார். தோல் பாடத்தை அவர் கேட்கவில்லை. ஆற்றைப் பற்றிக் கேட்டார். தோல் ஆலைக் கழிவுநீர் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்திருந்தார். கழிவுநீரைச் சுத்திகரிப்பது எந்தப் படிப்பு என்று அறிய விரும்பினார். அதற்கும் வேதியியலும் கணிதமும்தான் வேண்டும் என்றோம். இவ்வாண்டு அவர் பதினோராம் வகுப்பில் முதற்பிரிவில் இருக்கிறார். தந்தைதான் கையெழுத்திட்டார்.

பிள்ளைகளிடம் "என்னவாகப் போகிறாய்?" என்று கேட்பதை நாங்கள் சில ஆண்டுகளாக நிறுத்திவிட்டோம். கேட்டால் மருத்துவர், போலீசு, கலெக்டர், ஆசிரியர் என்னும் நான்கில் ஒன்றையே சொல்வார்கள். அது பிள்ளையின் குற்றமன்று. நம் காலனிக்குள் வந்துபோகும் உத்தியோகங்கள் அவ்வளவே. கணக்குத் தணிக்கையாளரையோ, நில அளவைப் பொறியாளரையோ, புள்ளியியலாளரையோ அவர்கள் கண்டதில்லை. ஆகவே இப்பொழுது வேறுவிதமாகக் கேட்கிறோம். வீட்டுப்பாடத்தில் எதை முதலில் எடுக்கிறாய்? எதை இரவு பத்து மணிக்கு ஒத்திப்போடுகிறாய்? எந்தப் பாடத்தில் உடன் பயில்பவர் உன்னிடம் ஐயம் கேட்க வருகிறார்? ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். ஒரு தேர்வில் குறைந்தால் காய்ச்சலாக இருக்கலாம். நான்கு தேர்வுகளில் குறைந்தால் பாடம் ஒத்துவரவில்லை, அல்லது ஆசிரியர் இல்லை. இவ்விரண்டில் எது என்று அறிந்தாக வேண்டும். நம் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இரண்டாவதே காரணமாக இருந்தது. எட்டாம் வகுப்பில் ஓராண்டு முழுதும் கணக்காசிரியர் இல்லாத பள்ளியில் பயின்றவரை, "கணக்கு வராதவர்" என்று எழுதிவிடுவது அறமன்று.

தொழிற்பிரிவைப் பற்றியும், பத்தாம் வகுப்போடு தொழிற்பயிற்சி நிலையத்திற்கோ பல்தொழில்நுட்பப் பயிலகத்திற்கோ செல்வதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறோம். அவை தோற்றவர் செல்லும் இடங்கள் அல்ல. மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேல்நிலைத் தொழிற்பிரிவு மாணவர்க்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு உண்டு. வீட்டில் விரைவாக ஊதியம் வர வேண்டிய நிலை இருந்தால் அதனை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். வறுமையைக் கணக்கில் எடுக்காத அறிவுரை நமக்குப் பயன்படாது.

பணத்தைப் பற்றி ஒன்று. மெட்ரிக் படிப்பிற்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, 1944 முதல் நம் மக்களுக்கென இருந்துவரும் திட்டம். பதினோராம் வகுப்பிலிருந்தே அதற்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்குள் இருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்தபின்தான் அதனைக் கேட்க வேண்டும் என்று எண்ணி ஈராண்டுத் தொகையை இழந்த குடும்பங்கள் இவ்வூரிலேயே உண்டு.

பதினோராம் வகுப்பிற்குப் பொதுத்தேர்வு 2018இல் வந்தது. 2025ஆம் ஆண்டு மாநிலக் கல்விக் கொள்கையோடு அது நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நன்றே. ஆயினும் நீட் முதலிய நுழைவுத் தேர்வுகளில் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் வினாக்கள் வருகின்றன. தேர்வில்லை என்பதால் பாடத்தையே தாண்டிச் செல்லும் பள்ளியாயின் பெற்றோர் சென்று கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கேட்கலாம். "போன வாரம் என்ன பாடம் நடந்தது?" என்று பிள்ளையைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

பிரிவில் சேர்ந்தபின் அது ஒத்துவரவில்லையென்றால் முதற் சில வாரங்களுக்குள்ளேயே வாய் திறந்து சொல்லுங்கள். அப்பொழுது மாற்றிக் கேட்கலாம். காலாண்டுத் தேர்வு கடந்தபின் எவராலும் ஒன்றும் செய்ய இயலாது. எங்களுக்கு மனவருத்தம் உண்டாகுமே என்று எண்ணி மறைக்க வேண்டா. நாங்கள் முன்னர்க் குறிப்பிட்ட அந்த மாணவர், எங்களுக்கு வருத்தம் உண்டாகுமே என்றுதான் ஈராண்டும் சொல்லாதிருந்தாராம்.

இவ்வுரை முடிந்தபின் பந்தலின் வடபுறத்தில் மூன்று மேசைகள் போட்டிருக்கிறோம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் தம் தாயையோ தந்தையையோ அழைத்துக்கொண்டு அங்கே வாருங்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாதவர் வெறுங்கையோடு வரலாம். முதல் மேசையில், செவிலியர் படிப்புப் பயிலும் நம் மாணவி அமர்ந்திருப்பார். மருத்துவத்தையும் உயிரியலையும் பற்றிய ஐயங்களை அவரிடமே கேளுங்கள். இரவு எட்டு மணிவரை நாங்கள் அங்கே இருப்போம்.